காலையில் மட்டும் கிளம்பாத கார்: ஒரு அறிகுறி, இரண்டு பழுது

வண்டி ஒரு பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) பெட்ரோல் தெளிக்கும் சாதாரண இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை என்பதுதான் புகார். வெயில் ஏறிய பிறகு சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். மாலையிலும் தொந்தரவு இல்லை. இரவு முழுக்க வெளியே நின்று, வெப்பநிலை 2, 3 டிகிரிக்கு இறங்கினால் மட்டும் மறுநாள் காலையில் அடம்.

என்னிடம் வருவதற்கு முன்பே அதில் நிறைய வேலை நடந்திருந்தது. பேட்டரி புதிது. ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் எல்லாம் மாற்றியாகிவிட்டது. "பேட்டரி மேல சந்தேகமே வேண்டாம் அண்ணே, ஜம்ப் குடுத்தா சுத்துது, அதனாலதான் மாத்தினேன்" என்றார் உரிமையாளர். (ஜம்ப் என்றால் இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக் கிளப்புவது.) அந்த ஒரு வரிக்குள்ளேயே பாதி விடை இருந்தது. அது பின்னால் வரும்.

இந்த மாதிரி வண்டிகளில் பெரிய சிக்கல், ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும் வண்டி சூடாக வருகிறது என்பதுதான். எப்படியோ கிளப்பி, ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். மெக்கானிக் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். பழுது எதுவும் தெரியாது. அப்புறம் அனுபவத்தை வைத்து ஒரு பாகத்தை மாற்றுவார்கள், மறுநாள் காலை அதே கதை. எனவே முதலில் ஒரு ஏற்பாடு செய்தேன்: வண்டி இரவு முழுக்க வெளியிலேயே நிற்கட்டும், காலையில் யாரும் சாவியைத் தொட வேண்டாம், நான் மீட்டரோடு வந்த பிறகுதான் முதல் முயற்சி. குளிர்ந்த இன்ஜினில் முதல் முயற்சி ஒன்றுதான் கிடைக்கும். அதை வீணாக்கினால் அடுத்த காலை வரை காத்திருக்க வேண்டும்.

கிளம்பவில்லை என்றால் என்ன நடக்கிறது?

உரிமையாளரிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனி நிலைமைகள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லாமல் இருப்பது ஒன்று, அல்லது வெறும் 'டக்' சத்தம் மட்டும் வருவது. இன்ஜின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுவது இன்னொன்று. நன்றாக வேகமாகச் சுற்றியும் பிடிக்காமல் போவது மூன்றாவது. முதல் இரண்டும் மின்சாரம், செல்ஃப், ஆயில் பக்கம். மூன்றாவது பெட்ரோல், தீப்பொறி, சென்சார் பக்கம். 'டக் டக் டக்' என்று வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியில் சத்து இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு கனமான 'டக்' மட்டும் வந்தால் சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட்டை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) இழுத்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை என்று பொருள்.

இவர் சொன்னது இரண்டாவது வகை. மெதுவாகச் சுற்றுகிறது, பிடிப்பதில்லை. கூடவே இன்னொன்றும் சொன்னார்: ஜம்ப் கொடுத்தால் வேகமாகச் சுற்றும், ஆனால் அப்போதும் நீண்ட நேரம் அடித்தால்தான் பிடிக்கும், பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் குலுங்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுபோகும். இதைக் குறித்து வைத்துக்கொண்டேன். மெதுவாகச் சுற்றுவதற்கும் பிடித்தபின் குலுங்குவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பேட்டரி பலவீனமாக இருந்தால் இன்ஜின் பிடிப்பதுவரைதான் கஷ்டம். பிடித்துவிட்டால் அப்புறம் ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும்.

பேட்டரி: குற்றம் சாட்டப்பட்டது, ஆனால் நிரபராதி

காலையில் வெளியே 2 டிகிரி. பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரு துருவங்களிலும் மீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட். முழு சார்ஜ் என்றால் 12.6, 12.7 இருக்கும்; 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். இரவு முழுக்க நின்ற வண்டி என்பதால் இந்த எண்ணை நம்பலாம். ஓட்டி நிறுத்தியவுடன் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். அப்போது ஹெட்லைட்டைச் சிறிது நேரம் போட்டு அணைத்துவிட்டு அளக்க வேண்டும்.

குளிரில் பேட்டரி சோர்ந்துபோவது உண்மைதான். உள்ளே நடக்கும் வேதிவினையின் வேகம் குறைகிறது. 27 டிகிரியில் தரும் திறனில் 0 டிகிரியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். மைனஸ் 18-இல் சுமார் 40 சதவீதம். பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் சிசிஏ எண் இதற்காகத்தான்: மைனஸ் 18 டிகிரியில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல், 30 விநாடி எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பது அது. சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குக் குளிரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் ஆசிட் மைனஸ் 50-க்கும் கீழேதான் உறையும். காலியான பேட்டரியில் அது ஏறத்தாழ தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்துவிடலாம். உறைந்து வீங்கிய பேட்டரிக்கு ஜம்ப் கொடுப்பதோ சார்ஜ் போடுவதோ கூடாது, வெடிக்கும்.

இந்த வண்டிக்கு வருவோம். மீட்டரைத் துருவங்களிலேயே விட்டுவிட்டு, கியர் நியூட்ரலில் இருப்பதையும் ஹேண்ட்பிரேக் போட்டிருப்பதையும் பார்த்துக்கொண்டு உரிமையாளரைச் சாவி திருப்பச் சொன்னேன். ஐந்து விநாடி. இன்ஜின் முனகிக்கொண்டு சுற்றியது. மீட்டரில் 10.6 வோல்ட். சுற்றும்போது 9.6-க்கு மேல் நிற்கும் பேட்டரியை இந்தக் குளிரில் குறை சொல்ல முடியாது. பேட்டரி நன்றாகத்தான் கொடுக்கிறது. ஆனால் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. அப்படியானால் நடுவில் எங்கோ போய்விடுகிறது.

காணாமல் போன வோல்ட்

அடுத்து, செல்ஃப் மோட்டாரின் பெரிய கேபிள் வந்து சேரும் போல்ட்டில் ஒரு முனை, அதன் உடம்பில் இன்னொரு முனை. மறுபடி ஐந்து விநாடி. 8.7 வோல்ட். பேட்டரியில் 10.6, மோட்டாரில் 8.7. வழியில் 1.9 வோல்ட் காணோம்.

இதைத் தேடும் முறை எளிது. நிறைய பேர் செய்வதில்லை, அவ்வளவுதான். கேபிள்களைக் கழற்ற வேண்டாம், ஓம் (மின் எதிர்ப்பு) அளக்க வேண்டாம். செல்ஃப் சுற்றும்போது ஒரே கேபிளின் இரு முனைகளுக்கு நடுவே வோல்ட் அளந்தால் போதும். கேபிள் நன்றாக இருந்தால் மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. பாசிட்டிவ் பக்கம் பேட்டரியிலிருந்து மோட்டார் வரை 0.3 வோல்ட், சரி, விட்டுவிடலாம். நெகட்டிவ் பக்கம், பேட்டரியின் நெகட்டிவ் துருவத்துக்கும் இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்புக்கும் நடுவே 1.6 வோல்ட். 0.2, 0.3-க்கு மேல் அங்கே வரவே கூடாது.

கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இந்த நெகட்டிவ் பக்கத்தை, அதாவது எர்த் பாதையை, துண்டு துண்டாக அளந்தேன். துருவத்துக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். (கருப்பு முனையைக் கிளாம்பில் வைக்காமல் ஈயத் துருவத்தின் தலையில் வைப்பது இதற்காகத்தான், பாதி வண்டிகளில் பழுது அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாம்பல் படலத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.) கிளாம்பிலிருந்து பாடி வரை, அதுவும் சொல்லும்படி இல்லை. பாடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பின்னல் பட்டையில் மட்டும் 1.5 வோல்ட்.

வண்டியைத் தூக்கி அதைப் பார்த்தால், வெளியிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. கியர்பாக்ஸ் ஓரத்தில் போல்ட்டில் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றி லக்கை (பட்டை முனையில் இருக்கும் உலோகக் கண்) வளைத்தபோது பிடித்திருந்த இடத்திலிருந்து பச்சை நிறத் தூள் கொட்டியது. உள்ளே செம்பு இழைகளில் பெரும்பாலானவை அரித்து அறுந்துபோயிருந்தன. மிச்சமிருந்த சில இழைகள்தான் மொத்தச் சுமையையும் தாங்கிக்கொண்டிருந்தன. பாடிப் பக்கத்து போல்ட்டுக்கு அடியில் துரு.

அந்தப் பட்டையை மேசையில் வைத்து மல்டிமீட்டரில் ஓம் அளந்து காட்டினேன். 0.2 ஓம். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2 தான். மீட்டர் அதை 'நல்ல கேபிள்' என்கிறது. காரணம், இங்கே பிரச்சினையான எதிர்ப்பு வெறும் 0.01 ஓம். சாதாரண மீட்டரால் அதைப் பார்க்க முடியாது. ஆனால் குளிரில் செல்ஃப் 150 ஆம்பியர் இழுத்தால் 0.01 ஓமில் 1.5 வோல்ட் விழுந்துவிடும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தாலும் பளிச்சென்று எரியும், ஏனென்றால் லேம்புக்கு வேண்டியது அரை ஆம்பியரோ என்னவோ. பெரிய கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் பெரிய கரண்ட்டின் பழுது தெரியும்.

ஜம்ப் கொடுத்தால் சுற்றியது ஏன் என்பதும் இப்போது புரியும். முறையாக ஜம்ப் கொடுப்பவர்கள் கடைசிக் கருப்புக் கிளிப்பைப் படுத்துவிட்ட வண்டியின் பேட்டரியில் மாட்டமாட்டார்கள். தீப்பொறி பேட்டரி வாயுவில் படாமல் இருக்க, சற்றுத் தள்ளி இன்ஜின் பிளாக்கில் மாட்டுவார்கள். இவரும் அப்படித்தான் செய்திருக்கிறார். அந்தக் கருப்பு ஜம்பர் வயரே இன்ஜினுக்கு ஒரு புது எர்த் ஆகிவிட்டது. கெட்டுப்போன பட்டையைத் தாண்டி கரண்ட் அந்த வழியே திரும்பியது. பார்த்தவர்களுக்கோ 'அடுத்த வண்டியின் பேட்டரி போட்டால் சுற்றுகிறது, ஆகவே பேட்டரி போச்சு' என்று தோன்றியிருக்கிறது. பட்டையை மாற்றுவதற்கு முன் இதைச் சரிபார்த்தேன்: ஜம்பர் வயரில் ஒன்றை மட்டும் எடுத்து அதே வண்டியின் நெகட்டிவ் துருவத்திலிருந்து இன்ஜின் பிளாக்குக்குப் போட்டால், வேறு பேட்டரியே இல்லாமல் செல்ஃப் உற்சாகமாகச் சுற்றியது.

குளிரில் மட்டும் ஏன் என்ற கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. பட்டையின் எதிர்ப்பு மதியமும் அதேதான். ஆனால் மதியம் இன்ஜின் லேசாகச் சுற்றும், செல்ஃப் இழுக்கும் கரண்ட் குறைவு, வீணாகும் வோல்ட்டும் குறைவு. காலையில் ஆயில் இறுகி, சுமை கூடி, கரண்ட் அதிகமாகிறது. பட்டையில் விழும் வோல்ட்டும் அதே விகிதத்தில் ஏறுகிறது. மோட்டாருக்கு அதிகம் வேண்டிய நேரத்தில்தான் குறைவாகப் போய்ச் சேருகிறது.

ஆயில் விஷயமும் இந்த வண்டியில் சேர்ந்துகொண்டது. உள்ளே இருந்தது 20டபிள்யூ-50. டபிள்யூ-க்கு முன்னால் இருக்கும் எண்தான் குளிர்நேர நடத்தையைச் சொல்கிறது. எஸ்ஏஇ தரத்தில் 20டபிள்யூ ஆயிலின் சுற்றும்நேரப் பிசுபிசுப்பைச் சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30-இல் சோதிக்கிறார்கள். 2 டிகிரியில் 20டபிள்யூ இன்ஜினை நிறுத்திவிடாது, ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்கும் செல்ஃபுக்கு அது கூடுதல் பாரம். இந்த இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் கையேடு 5டபிள்யூ-30-ஐ அனுமதிக்கிறது.

புதுப் பட்டை போட்டு, பாடிப் பக்கம் துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசியாயிற்று. அளவு: 0.1 வோல்ட்டுக்கும் கீழே. அத்தோடு முடிந்தது என்று வண்டியை அனுப்பியிருந்தால் மறுநாள் காலையே திரும்பி வந்திருக்கும்.

வேகமாகச் சுற்றியும் பிடிக்காத வண்டி

ஏனென்றால் அடுத்த குளிர் காலையில் செல்ஃப் ஜோராகச் சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பத்து விநாடி அடித்து நிறுத்தி, மோட்டார் ஆற இடைவெளி விட்டு, மறுபடி. இரண்டாம் முறையில் ஒரு சிலிண்டர் லேசாக இருமியதோடு சரி. முதல் பழுது இரண்டாவது பழுதை இத்தனை நாளும் மூடி வைத்திருந்தது. மெதுவாகச் சுற்றினால் யாரும் அதற்கு மேல் யோசிப்பதில்லை அல்லவா. உரிமையாளர் சொன்ன அந்தக் குலுக்கலும், காலை எடுத்தால் நிற்பதும் இன்னும் விளக்கம் இல்லாமலே இருந்தன.

ஒரு பிளக்கைக் கழற்றினேன். உலர்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசனை லேசாகக்கூட இல்லை. அத்தனை நேரம் அடித்த பிறகு பிளக் ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை என்று தீப்பொறியைத் தேடலாம். அல்லது அளவுக்கு மீறி வந்து மூழ்கிவிட்டது என்று ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி அடித்துப் பார்க்கலாம், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்படி மிதித்தால் பெட்ரோல் தெளிப்பு நின்று உள்ளே இருப்பது வெளியேறும். உலர்ந்திருந்தால் கதை வேறு: பெட்ரோல் போதவில்லை.

பழக்கத்தில் பலர் ஸ்டார்ட் செய்யும்முன் ஆக்சிலரேட்டரை நாலைந்து தடவை அமுக்குவார்கள். கார்புரேட்டர் காலத்தில் அமுக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு பீச்சு பெட்ரோல் விழும், பலன் இருந்தது. இந்த வண்டியில் செல்ஃப் அடிக்காமல் அமுக்கினால் காற்றுக் கதவு திறந்து மூடும், அவ்வளவே.

பெட்ரோல் பிரஷர் கேஜ் போட்டேன். சாவியை ஆன் செய்ததும் 3.5 பார் ஏறி நின்றது, கையேட்டில் உள்ளபடி. பம்பில் குறை இல்லை. தீப்பொறி சோதனையும் தேறியது. சரி, பெட்ரோல் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, பிளக் மட்டும் காய்ந்திருக்கிறது. அப்படியானால் இன்ஜெக்டர்கள் திறக்கின்றன, ஆனால் குறைந்த நேரமே திறக்கின்றன. எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று சொல்வது இசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். குளிரில் அதை முடிவு செய்ய இசியு முதலில் பார்ப்பது கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையை. குளிர்ந்த பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. தெளித்ததில் பெரும்பகுதி இன்டேக் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஆவியாகி எரியக்கூடிய பங்கு சரியாக வர, வழக்கமான அளவைவிடப் பல மடங்கு கொட்ட வேண்டும். பழைய வண்டிகளில் கையால் இழுத்த சோக்கை இப்போது அந்த வெப்பநிலையை அளக்கும் கூலன்ட் சென்சார்தான் இழுக்கிறது.

இசியுவுக்குத் தெரிவதைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து மூன்று எண்களை ஒப்பிட்டேன். வெளியே 2 டிகிரி. இன்டேக் காற்று சென்சார் 3 டிகிரி. கூலன்ட் சென்சார் 40 டிகிரி.

இரவு முழுக்க நின்ற வண்டியில் இந்த மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இதைவிட எளிய சோதனை இந்தத் தொழிலில் குறைவு. ஸ்கேனர் மாட்டும் நேரம்தான் செலவு, ஒரு போல்ட்டும் கழற்ற வேண்டாம். ஆனால் குளிர்ந்த வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் செய்தாக வேண்டும். இசியுவில் ஃபால்ட் கோட் எதுவும் இல்லை, செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் இந்த வயது வண்டியின் இசியு புகார் செய்யும். 40 டிகிரி என்பது அதைப் பொறுத்தவரை நம்பக்கூடிய எண், ஓடி ஒரு மணி நேரம் நின்ற வண்டிக்கு அப்படி இருக்கலாமே. புதிய வண்டிகள் சில, நீண்ட நேரம் நின்ற பிறகு சென்சார்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பி0116 போன்ற கோட் போடும். இது அப்படிப்பட்ட வண்டி அல்ல.

சென்சாரை மாற்றிவிடலாமே?

உரிமையாளர் உடனே அதைத்தான் கேட்டார். மாற்றியிருந்தால் புதுச் சென்சாரும் 40 டிகிரிதான் காட்டியிருக்கும்.

கப்ளரை (சென்சாரில் வயர் வந்து செருகும் இணைப்பு) கழற்றி சென்சாரின் இரு பின்களுக்கு நடுவே ஓம் அளந்தேன். சுமார் 5400 ஓம். இந்த வகைச் சென்சாரில் சூடு ஏற ஏற எதிர்ப்பு இறங்கும்: 0 டிகிரியில் ஏறக்குறைய 5900 ஓம், 20-இல் 2500, 40-இல் 1200-க்குக் கொஞ்சம் கீழே, 80-இல் 320. ஆக 2 டிகிரிக்கு 5400 என்பது மிகச் சரி. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, இசியுவின் காதில் வேறாக விழுகிறது.

கப்ளர் கழன்று தொங்கும் நிலையிலேயே ஸ்கேனரைப் பார்த்தேன். சென்சாரே இல்லாதபோது சுற்று திறந்திருக்கும், ஸ்கேனர் மைனஸ் 40 காட்ட வேண்டும். காட்டியது 33 டிகிரி. சென்சாரைப் பிடுங்கி எறிந்த பிறகும் ஏதோ ஒன்று 'நான்தான் சென்சார்' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

டார்ச் அடித்துக் கப்ளரின் உள்ளே பார்த்தேன். இரண்டு பின்களுக்கும் நடுவே வெளிர்பச்சையில் பொருக்கு, ஓரங்களில் ஈரம். காய்ந்த கூலன்ட். சென்சாருக்கு நேர் மேலே தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ். அதன் கிளாம்ப் தளர்ந்திருந்தது. குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கும்போது ஒன்றிரண்டு சொட்டு கசிந்து, வயர் வழியாக இறங்கிக் கப்ளருக்குள் போயிருக்கிறது. கூலன்ட் ரிசர்வ் டேங்கில் அளவு குறைந்ததாகத் தெரிந்தே இருக்காது. கூலன்ட்டில் இருக்கும் உப்புகளும் துருத் தடுப்பான்களும் மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த பொருக்கும் காலைப் பனியில் ஈரத்தை உறிஞ்சி மறுபடி கடத்தியாகிவிடும். அந்த ஈரப் பொருக்கு பின்களுக்கு நடுவே சுமார் 1500 ஓம் பாலமாக உட்கார்ந்திருந்தது.

இந்த 1500 ஓமை வைத்துக் கணக்குப் போட்டால் மொத்தப் புகாரும் விளங்கிவிடும். 2 டிகிரியில் சென்சார் 5400 ஓம். பக்கத்தில் 1500 ஓம் பாலம். இரண்டும் சேர்ந்து இசியுவுக்குத் தெரிவது 1170 ஓமுக்குப் பக்கம், அதாவது 40 டிகிரி. பிழை 38 டிகிரி. மதியம் 20 டிகிரி என்றால் 2500-உம் 1500-உம் சேர்ந்து 940 ஓம். இசியு 46 என்று நினைக்கும். பிழை 26 டிகிரி, ஆனால் அந்த வெப்பத்தில் பெட்ரோல் ஓரளவு நன்றாகவே ஆவியாகும், இன்ஜின் சமாளித்துக் கிளம்பிவிடும். இன்ஜின் முழுச் சூட்டில் 90 டிகிரியில் ஓடும்போது சென்சார் வெறும் 240 ஓம். அதன் பக்கத்தில் 1500 ஓம் பாலம் ஒரு பொருட்டே அல்ல. பிழை 5, 6 டிகிரிக்குள். டாஷ்போர்டு முள் அசையாது. ரேடியேட்டர் ஃபேன் கொஞ்சம் முன்னதாக ஓட ஆரம்பித்திருக்கும், அதை யார் கவனிக்கப் போகிறார்கள். இன்ஜின் சூட்டில் பொருக்கும் உலர்ந்துவிடுவதால் மதியத்தில் பிழை இன்னும் குறைந்திருக்கவும் கூடும்.

கிளம்பிய பிறகு குலுங்கியதற்கும் இதுவே காரணம். தான் சூடாக இருப்பதாக நம்பும் இசியு, குளிர்ந்த இன்ஜினுக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலையும் தருவதில்லை, ஐடிலிங்கையும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) உயர்த்துவதில்லை. கால்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

கப்ளரைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, மெல்லிய பிரஷ்ஷால் பொருக்கை எடுத்து, காற்றடித்து உலர்த்தினேன். பின்கள் அரிக்கப்படவில்லை, ரப்பர் சீல் மட்டும் தட்டையாகிப் போயிருந்தது, அதை மாற்றினேன். கப்ளர் கழன்ற நிலையில் இப்போது ஸ்கேனர் மைனஸ் 40 காட்டியது, பி0118 கோடும் விழுந்தது. சுற்று திறந்திருக்கிறது என்று இசியு சரியாகவே கண்டுபிடித்தது. அந்த ஃபால்ட் கோட்-ஐ அழித்து, ஹோஸுக்குப் புதுக் கிளாம்ப் போட்டு, பிரஷர் ஏற்றி வைத்து ஒரு சொட்டும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

பழுதைத் திரும்ப வரவழைத்தல்

சரிசெய்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால் மட்டும் எனக்குத் திருப்தி வருவதில்லை. இரண்டு வேலை செய்திருக்கிறோம்; எது எதைத் தீர்த்தது என்று தெரிய வேண்டும். எனவே அடுத்த குளிர் காலையில், 3 டிகிரியில், சென்சாரின் இரு வயர்களுக்கும் நடுவே 1500 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்துவிட்டு அடிக்கச் சொன்னேன். ஸ்கேனரில் 40. செல்ஃப் வேகமாகச் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. ரெசிஸ்டரை எடுத்தேன், ஸ்கேனரில் 3. சாவி திருப்பிய ஒரு விநாடியில் பிடித்து, ஐடிலிங் தானாக உயர்ந்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஓடியது. உரிமையாளர் ரெசிஸ்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரிசி அளவுதான் அது.

எர்த் பட்டை மட்டும் மாற்றியிருந்தால் வேகமாகச் சுற்றும், கிளம்பாத வண்டி. கப்ளர் மட்டும் சரிசெய்திருந்தால் முனகி முனகிச் சுற்றி, சில காலைகளில் பிடித்து, கடுங்குளிரில் கைவிடும் வண்டி. இரண்டில் எதை முதலில் செய்திருந்தாலும் 'கொஞ்சம் தேவலை, ஆனா முழுசா சரியாகல' என்ற இடத்தில்தான் நின்றிருக்கும். அந்த இடத்தில்தான் பலரும் அடுத்த பாகத்தை மாற்ற ஆரம்பிக்கிறார்கள்.

மற்றவற்றையும் கடமைக்குப் பார்த்து வைத்தேன். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட், சரி. வண்டி தூங்கிய பிறகு பேட்டரியிலிருந்து கசியும் கரண்ட் 30 மில்லி ஆம்பியர். 50-க்குள் இருந்தால் கவலை இல்லை. சரியான சாவி இல்லாமல் கிளம்பவிடாத இம்மொபிலைசரின் விளக்கு ஒழுங்காக அணைந்தது. கம்ப்ரஷனும் நான்கு சிலிண்டரிலும் சமம். தேய்ந்த இன்ஜின் குளிரில் மட்டும் சண்டித்தனம் செய்வதும் உண்டு என்பதால் அதையும் விட மனமில்லை.

இதே புகாரோடு டீசல் வண்டி வந்திருந்தால் பாதை கொஞ்சம் மாறியிருக்கும். மின்சாரப் பக்கம் அப்படியே பொருந்தும், இன்னும் கடுமையாகவே; டீசலுக்குத் தீப்பொறி கிடையாது, காற்றை அமுக்கும் சூட்டில்தான் பற்ற வேண்டும், மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சுவர் வழியே போய்விடும். அடுத்து பார்க்க வேண்டியவை குளிரில் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகளும் அவற்றின் ரிலேயும். பிளக்கைத் தனியாகக் கழற்றி அளந்தால் ஒரு ஓமை ஒட்டி இருக்கும். எல்லையில்லாமல் காட்டினால் அது செத்துவிட்டது. கடுங்குளிர் என்றால் டீசலில் இருக்கும் மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும், ஃபில்டரில் தேங்கிய தண்ணீரும் உறையும். ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை மட்டும் குளோ பிளக் உள்ள வண்டியில் அடிக்காதீர்கள். பழுக்கக் காய்ந்த பிளக்கில் பட்டு இன்டேக்கிலேயே வெடித்து, பிஸ்டனோ மேனிஃபோல்டோ உடைந்துபோகும்.

இந்தப் பெட்ரோல் வண்டிக்கு மிச்சமிருந்தது ஆயில் மட்டும்தான். அதை வடித்து 5டபிள்யூ-30 ஊற்றி, பழைய பட்டையை உரிமையாளர் கேட்டபடி அவரிடமே கொடுத்து அனுப்பினேன். நல்ல நிலையில் இருந்த பழைய பேட்டரியைக் கொடுத்து மாற்றிவிட்டோமே என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.